வராத மழைக்கு நன்றி

ஜூன் 9

மலையையும் மழையையும் ஒருசேர ஆளும் என் அக்காவின் திருச்சமூகத்துக்கு,

மிகுந்த மனவேதனையுடன் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறை வாளியின் கைப்பிடி, துருவோடு நெடுநாள் போராடி, நேற்றுக் காலை அப்பாவின் கையிலேயே உயிர் நீத்தது. வாளி அவர் கால்மேல் விழுந்து கதறியது. அப்பா வாளியைவிடச் சத்தமாகக் கதறினார். மறைந்த கைப்பிடியின் பொறுப்பை இப்போது ஒரு கயிறு கவனித்து வருகிறது.

மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ, உன் மழைமானி, காற்றுமானி, வெப்பமானி எல்லோரும் சுகமா? இங்கே அவமானி என்று ஒருவன் இருக்கிறானே, உன் தம்பி, அவனும் சுகம்.

உன் வானிலை நிலையத்தில் செல்போன் எடுக்காது, இருக்கும் ஒரே தொலைபேசியிலும் மழைக்கணக்கைத் தவிர வேறு பேசக்கூடாது என்று சொல்லிவிட்டாய். ஆகவே பேனா பிடித்திருக்கிறேன். மளிகை ஏற்றி வரும் ஜீப்பில் வெங்காய மூட்டைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில் இந்தக் கடிதம் வரும். கண்ணில் நீர் வந்தால் பாசம் என்று நினைத்துவிடாதே, வெங்காயம்.

நம் ஆட்டத்துக்கு வருகிறேன். நீ ஊரைவிட்டுப் போனபோது பேருந்துப் படியில் நின்று, "நான் வர்ற வரைக்கும் நம்ம பொம்மையாட்டத்த விட்றாதடா" என்றாய். விட்டேனா? உன் நாற்காலியில் இப்போது பஞ்சர் அண்ணன். இத்தனை வருடம் சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்தவர், இப்போது எனக்குக் குரல் அடிக்கிறார். முன்பு உன் மடியில் உட்கார்ந்ததுபோலவே அவர் மடியில் உட்காருகிறேன். கன்னத்தில் அதே இரண்டு கறுப்புக் கோடு, முதுகில் அதே தகரச் சாவி. அவர் உதடு அசையாமல் பேச, நான் சத்தமே இல்லாமல் வாயை மரத்தாடை மாதிரி திறந்து மூடுகிறேன். சனி, ஞாயிறு என்று இருந்தது வெள்ளியையும் விழுங்கிவிட்டது. பிறந்தநாள், கடைத் திறப்பு, பள்ளி ஆண்டுவிழா என்று அழைப்புகள் குவிகின்றன. நீ கவலைப்படாமல் மேகம் பார்.

இப்படிக்கு,
ஊர் முழுக்கத் தேடப்படும் பொம்மை


ஜூன் 27

வால் முளைத்த தம்பிக்கு,

கைப்பிடியின் பிரிவால் வாடும் வாளிக்கு என் அனுதாபத்தைச் சொல். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு முதுகுவலி குறைந்ததா? நான் சௌக்கியம்.

இங்கே வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும். மழைமானியில் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, கீழே கொட்டிவிட்டு, அளவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நானும் சீனியரும் முறை போட்டுப் பார்க்கிறோம். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்திருப்பதால் இப்போது ஊருக்குப் போயிருக்கிறார். மலை முழுக்க எனக்கே எனக்கு. காற்று நன்றாக இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

வெள்ளிக்கிழமையும் ஆட்டமா? அப்போது எப்போதடா படிக்கிறாய்? சும்மா கேட்டேன். உனக்குப் பிடித்திருக்கிறது என்றால் சரி. பஞ்சர் அண்ணனைக் கேட்டதாகச் சொல். உன் கன்னத்துக் கோட்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலை உரிக்காதே.

அக்கா


ஜூலை 14

மகாராணிக்கு,

நலமா? இங்கே நலம். அப்பாவின் கால்விரல் நகம் கறுத்து, பார்ப்பதற்கு ஒரு சின்னப் புயல் சின்னம் மாதிரி இருக்கிறது. உன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

உன் தம்பி கலையுலகில் ஒரு புரட்சி செய்துவிட்டான். பாத்திரக்கடைத் திறப்பு விழா. வெள்ளைக் குழல்விளக்கு, மின்விசிறி, முன்வரிசையில் பாத்திரம் வாங்க வந்த பெண்கள். பஞ்சர் அண்ணன் கேள்வி கேட்கிறார், பொம்மை பதில் சொல்ல வேண்டும். பொம்மை சொல்லவில்லை. ஏனென்றால் பொம்மை தூங்கிவிட்டது. அண்ணன் தொடையில் கிள்ளினாராம், எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் சபையைப் பார்த்து, "பொம்மைக்குச் சாவி தீந்துபோச்சுங்க" என்று என் முதுகுச் சாவியைக் கறகறவென்று திருகியிருக்கிறார். அப்போதும் நான் எழவில்லை. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேடையைவிட்டு இறங்கியிருக்கிறார். கடையே அதிரக் கைதட்டல். அந்தச் சத்தத்தில்தான் விழித்தேன்.

இப்போது எல்லோருக்கும் தூங்கும் பொம்மைதான் வேண்டுமாம். புதன்கிழமையும் போய்விட்டது. உன் காலத்தில் இப்படி ஒரு கைதட்டல் வாங்கினோமா? உண்மையைச் சொல்.

இப்படிக்கு,
கண் மூடிக் கலை வளர்ப்போன்


ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

எல்லோரும் நலம்தானே? உன் கடிதம் எப்போதோ வந்துவிட்டது, பதில் எழுத இன்றுதான் முடிந்தது. கைதட்டலுக்கு வாழ்த்து. ஜீப் ஓட்டுநருக்குப் படித்துக் காட்டினேன், ஸ்டியரிங்கில் தலை முட்டச் சிரித்தார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஏன் தூக்கம் வந்தது?

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் குவளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வரவர வானிலை அறிக்கை மாதிரி சுருங்கிவிட்டது.

பெரிய செய்தி. அக்டோபரில் ஆற்றங்கரை மைதானத்தில் நகரக் கலைவிழா நடக்கிறதல்லவா, அதில் நமக்கு மேடை கிடைத்திருக்கிறது. சின்ன மேடை இல்லை, பெரிய மேடை. நாமிருவரும் மூன்று வருடம் விண்ணப்பித்து, மூன்று வருடமும் பார்வையாளராக வேர்க்கடலை கொறித்த அதே மேடை. தினமும் மாலை ஒத்திகை. மேடையில் தூங்குவதுபோல் நடிக்கிறேன், வகுப்பில் விழித்திருப்பதுபோல் நடிக்கிறேன். இரண்டாவது நடிப்புக்குத்தான் கைதட்டல் கிடைப்பதில்லை.

போன வாரம் வருகைப்பதிவு எடுத்தார்கள். என் முறை வந்தது. வாயைத் திறந்தேன், மூடினேன். சத்தம் வரவில்லை. யாரோ பின்னாலிருந்து எனக்காகப் பேசுவார்கள் என்று அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இயற்பியல் சார் 'வரவில்லை' என்று போட்டுவிட்டார். கண்ணெதிரில் இருந்துகொண்டே வராதவன் ஆனேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு பரீட்சைத்தாள் கொடுத்தார். அதில் பாதிப் பக்கம் காலி. மீதிப் பக்கத்தின் மை என் கன்னத்தில் இருந்ததாக அவரே சொன்னார். அடுத்த பரீட்சையிலும் இப்படியே என்றால் ஆண்டுத்தேர்வுக்கு உட்கார வைக்க மாட்டாராம், இதே வகுப்பில் இன்னொரு வருடமாம். வீட்டில் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. தூக்கம் என்ற சொல்லில் முதல் எழுத்தைக் குறுக்கினால் துக்கம் வரும் என்று அவரிடம் ஒரு தத்துவம் சொன்னேன். வெளியே நிற்கச் சொன்னார். நின்றுகொண்டே தூங்கலாம் என்று அங்கேதான் கற்றேன்.

ஆனால் நீ கவலைப்படாதே. உனக்குக் கொடுத்த வாக்கு வாக்குத்தான். ஆட்டம் நிற்காது.

இப்படிக்கு,
பெரிய மேடைப் பொம்மை


செப்டம்பர் 11

தம்பிக்கு,

அம்மாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். பெரிய மேடைக்கு வாழ்த்துகள். பரீட்சை பற்றி வீட்டில் சொல்லவில்லை, ஆனால் நீ படி. ஆட்டத்தை நிறுத்து என்று சொல்ல நினைத்தேன். பிறகு நானும் பக்கத்தில் இல்லாதபோது உனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதானே என்று தோன்றியது. எது சரியோ செய். இங்கே மழை தொடங்கிவிட்டது. சீனியர் விடுப்பை நீட்டித்திருக்கிறார், பாவம், கைக்குழந்தை. அம்மாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது?

அக்கா


அக்டோபர் 8

அருமை அக்காவுக்கு,

அம்மாவின் முதுகுவலியை ஒரே கடிதத்தில் இரண்டு முறை விசாரித்திருந்தாய். முதுகின் இடப்பக்கம் நலம், வலப்பக்கமும் நலம். நீ நலமா?

கலைவிழா நடக்கவில்லை. சனிக்கிழமை காலை மைதானத்தில் பந்தல் தயார், நான் கன்னத்தில் ஒரு கோடு போட்டாயிற்று, அடுத்த கோடு போடுவதற்குள் ஒலிபெருக்கி வந்துவிட்டது. மலையில் பேய்மழையாம், மாலைக்குள் ஆறு கரையைத் தாண்டுமாம், கரையோரம் யாரும் நிற்கக்கூடாதாம். பந்தலைப் பிரித்தார்கள். பஞ்சர் அண்ணன் தகரச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீலம். பஞ்சு ஒட்டக்கூட ஒரு மேகம் இல்லை. மாலையில் ஆற்றில் எருமை கால் நனைக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. ஊரே வானிலை அலுவலகத்தைத் திட்டியது.

நான் திட்டவில்லை அக்கா. நான் வீட்டுக்கு வந்தேன். ஒற்றைக் கோட்டோடு அப்படியே படுத்தேன். மறுநாள் மதியம்தான் எழுந்தேன். இடையில் அம்மா இரண்டு முறை மூக்கில் கைவைத்துப் பார்த்தாராம். எழுந்து வாசலில் போய் நின்றால், எதிர்வீட்டுச் சுவர் பச்சை நிறம். எப்போது பச்சை அடித்தார்கள் என்று கேட்டேன். மே மாதம் என்றார் அம்மா.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெரிய மேடை கைநழுவியதில் எனக்குத் துளி வருத்தம்கூட இல்லை. ஒலிபெருக்கி கேட்டபோது எனக்கு வந்தது சிரிப்பு. எனக்கு அலுத்துவிட்டது அக்கா. கைதட்டல் பிடிக்கிறது, ஆனால் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் எழுத்து நகர்கிறது. மேடையில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. எல்லாம் நீ பேசியது, பிறகு அண்ணன் பேசியது. எனக்கென்று இரண்டு ஜோக் தோன்றினாலும் எழுதி வைக்க நேரமில்லை. உன்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேனே என்றுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அலுவலகத்தில் அந்த மழையைக் கண்டுபிடித்த புத்திசாலி யார் என்று தெரிந்தால், அவருக்கு என் சார்பில் ஒரு நன்றி சொல். அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருக்கிறது.

தம்பி


அக்டோபர் 19

என் செல்ல எருமைக்கு,

கும்பிடு கிடைத்தது. அந்தப் புத்திசாலி நான்தான்.

சிரிக்காமல் படி. அளந்த தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டும் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? அன்றைக்கு நான் கொட்டவில்லை. குவளையில் அளந்துவிட்டு, சமையலறையில் மிச்சப் பாலை ஊற்றுவதுபோல, பத்திரமாகத் திரும்ப மழைமானிக்குள்ளேயே ஊற்றியிருக்கிறேன். மூன்று மணி நேரம் கழித்து அதையே மறுபடி அளந்தேன். மறுபடி ஊற்றினேன். ஒரே மழையை விடிய விடியப் பெய்ய வைத்தேன். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொன்னேன். கீழே இருப்பவர்கள் கூட்டிப் பார்த்து அலறிவிட்டார்கள்.

நன்றாகத் தூங்குகிறேன் என்று உனக்கு எழுதியது பொய். சீனியர் போனதிலிருந்து அவர் முறையையும் நான்தான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. "நான் பாத்துக்கறேன் சார், நீங்க குழந்தையப் பாருங்க" என்று நானே பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்பினேன். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்துகொண்டிருந்தால், எழுந்ததும் கனவில்தானோ என்று சந்தேகமாகவே இருக்கும்.

மேலதிகாரி ஜீப் ஏறி வந்தார். வேலை போய்விட்டது என்று நினைத்து, பெட்டியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். அவர் கத்தவில்லை. "கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்குனே?" என்று கேட்டார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். என் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டு, போய்ப் படு என்றார். மாற்றாள் ஒருவரைக் கூடவே அழைத்து வந்திருந்தார். படுத்தேன். எழுந்த பிறகு பின்பக்க மேட்டில் ஏறி உட்கார்ந்து, எதையும் அளக்காமல் மேகம் பார்த்தேன். இந்த மலைக்கு வந்து இத்தனை நாளில் அதுதான் முதல்முறை.

பேருந்துப் படியில் நான் சொன்னதை நீ இவ்வளவு தூரம் சுமந்திருக்கிறாய். அன்றைக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உன் முன்னால் அழக்கூடாது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்டா. ஆட்டம் போனால் போகட்டும். போய்ப் பஞ்சர் அண்ணனிடம் முடியாது என்று சொல். நன்றாகத் தூங்கு. உன் ஜோக்கை எழுது. பாஸ் பண்ணு.

ஒரே மழையைத் திரும்பத் திரும்பப் பெய்வித்த
அக்கா


அக்டோபர் 30

வருண பகவானுக்கே வேலை வைக்காத அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துத் தரையில் உருண்டு சிரித்தேன். பிறகு எழுந்து இன்னொரு முறை படித்தேன். இரண்டாவது முறை அவ்வளவு சிரிப்பு வரவில்லை. இனி முறை தவறாமல் தூங்கு, அடுத்தவர் முறையைச் சுமக்காதே.

இனி உன் தம்பியின் வீரத்தைக் கேள். கடிதம் கையில் கிடைத்த அன்றே பட்டறைக்குப் போனேன். வாசலில் சாத்தியிருந்த டயர் என்னைக் கண்டு தானாக ஒதுங்கியது. பஞ்சர் அண்ணன் பம்பைப் பிடித்தபடி நிமிர்ந்தார். நான் இடுப்பில் கைவைத்து, "அண்ணே, இந்தப் பொம்மை இனி யாரு மடியிலயும் உக்காராது. எனக்குன்னு ஒரு வாயி இருக்கு, எனக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கு. ஆட்டம் இன்னையோட முடிஞ்சுது" என்று கர்ஜித்தேன். பம்பு அவர் கையிலிருந்து நழுவியது. நீ இல்லாமல் எப்படித் தம்பி என்று அவர் கண் கலங்கினார். நான் அவர் தோளைத் தட்டி, காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அன்றிலிருந்து புதன், வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் என் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. இயற்பியல் பரீட்சையில் பாஸ். விளிம்பில் நின்ற பாஸ்தான், ஆனால் விழவில்லை. சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கன்னத்தையும் பார்த்தார், மை இருக்கிறதா என்று. நானே ஜோக் எழுதி அம்மாவிடம் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "இதுக்கு எங்க சிரிக்கணும்?" என்று கேட்டார். இருந்தாலும் என் சொந்தக் குரலில் சொன்னேன்.

இப்படிக்கு,
சாவி இல்லாமல் இயங்குபவன்


நவம்பர் 12

சிங்கத்துக்கு,

அம்மா, அப்பா, நகம் எல்லோரும் நலமா? நான் உண்மையாகவே நலம். நீ பாஸ் ஆனதற்கு ஜீப் ஓட்டுநர் பிஸ்கட் வாங்கித் தந்தார்.

உன் பட்டறைக் கர்ஜனையை இங்கே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். சீனியர் வந்துவிட்டார். "உன் தம்பி வயசுல எனக்கு இந்தத் தைரியம் இல்லம்மா" என்றார். எனக்கும் இல்லை. இந்த மாதக் கடைசியில் மேலதிகாரியிடம் பேசப் போகிறேன். மழைக்காலத்தில் இன்னொரு ஆள் நிரந்தரமாக வேண்டும், இனி யாருடைய முறையையும் நான் சேர்த்துப் பார்க்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நீ அண்ணனிடம் பேசியதை அப்படியே, எந்த வார்த்தைக்கு எங்கே நிறுத்தினாய், எப்படி நின்றாய் என்று விவரமாக எழுது. கண்ணாடி முன்னால் பழகிக்கொள்கிறேன். இடுப்பில் கைவைப்பது அவசியமா?

அக்கா


நவம்பர் 21

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். இந்தக் கடிதம் நீ மேலதிகாரியிடம் போவதற்கு முன் வந்துவிட வேண்டும் என்பதால் ஜீப் ஓட்டுநரின் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து இடுப்பில் கைவைக்காதே.

நடந்தது இது. வழியெல்லாம் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். பட்டறையில் பஞ்சர் அண்ணன் பம்பு அடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு காலை டயர் மேல் நீட்டி, முட்டியில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். நான் அண்ணே என்றேன். அவர் தம்பி என்றார். நீங்க சொல்லுங்க, நீ சொல்லு என்று கொஞ்ச நேரம் போனது. முதலில் அவர்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத தம்பி. ஆரம்பத்துல நீ மடியில பூனையாட்டம் உக்காந்தே. இப்ப ரொம்ப வளந்துட்டே. எம் முட்டி போச்சு. மடியில இனிமே ஒண்ணும் ஏத்தாதீங்கன்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசமாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க அக்கா வேற, அவன விட்றாதீங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போச்சு. நீ மனசு ஒடஞ்சிருவியேன்னு பயம்."

நீ அவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாய். பேருந்து ஏறுவதற்குள் இன்னும் யார் யாரிடம் சொன்னாய் என்று ஒரு பட்டியல் அனுப்பு.

நான் கர்ஜித்ததை அப்படியே எழுதச் சொன்னாய். "பரவால்லண்ணே." முழுக் கர்ஜனையும் அவ்வளவுதான். அப்புறம் நானும் ஆட்டத்தை விடத்தான் வந்தேன் என்றேன், அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ரெண்டு மாசமா என்று அவர் ஒருமுறை சொல்ல, ஆறு மாசமா என்று நான் ஒருமுறை சொல்ல, வால்வு மாற்ற வந்த ஆள் எங்களைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். நான் டீ வாங்கி வந்தேன். அவர் முட்டியில் பையை மறுபடி வைத்துவிட்டேன்.

ஆகவே மேலதிகாரியிடம் நீ உன் வார்த்தையிலேயே பேசு. ஒருவேளை அவரே முதலில் சொல்லிவிடவும் கூடும்.

இன்னொன்று. அண்ணன் கண் கலங்கினார் என்று எழுதியிருந்தேன். ஒருவர் கலங்கியது நிஜம். அப்போது பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அவர் கலங்கவில்லை.

தம்பி